மூடி வைத்த தட்டும் முடியாத பாட்டும்

கல்யாண வீட்டில் மேடையில் வாசிப்பவனுக்குப் பிரியாணி கிடைக்காது. திருச்சியில் எங்கள் காலேஜ் பேண்டோடு எத்தனையோ ரிசப்ஷன் வாசித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசிப் பந்தியில் எனக்கு வந்தது ரசமும் அப்பளத் தூளும்தான். அதனால் அக்கா மெல்போர்னிலிருந்து போன் பண்ணி, "டேய் சிபி, என் ரிசப்ஷன்ல நீதான் பேஸ் கிடார் வாசிக்கணும்" என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாடு எப்போ போடுவீங்க?"

அக்காவின் கல்யாணம் தை மாதமே திருச்சியில் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை நிரோஷன் யாழ்ப்பாணத்துக்காரர், மெல்போர்னில் எலக்ட்ரீஷியன். அவருடைய அம்மாவுக்கு அப்போது முழங்கால் ஆபரேஷன், வர முடியவில்லை. அவருக்காகவும் அந்தப் பக்கத்துச் சொந்தங்களுக்காகவும் இப்போது மெல்போர்னில் ஒரு மத்தியான ரிசப்ஷன். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மா அப்பாவை விட்டு வர மாட்டார். ஆக, பெண் வீட்டுச் சார்பில் நான் ஒருவன்தான். குடும்ப மானம் மொத்தமும் ஒரு பேக்பேக்கில் அடைபட்டு ஆஸ்திரேலியா கிளம்பியது.

ஜோடி ஹாலுக்குள் நுழையும்போது அங்கே மாப்பிள்ளையின் நண்பர்களோடு நான் வாசிக்க வேண்டிய பாட்டு ஒன்றே ஒன்று. 'கீப் மை பிளேட் வார்ம்'. பழைய அமெரிக்க சோல் பாட்டு. சோல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் விளக்கம்: சர்ச்சில் சாமிக்காகப் பாடிப் பழகிய தொண்டை, வெளியே வந்து காதலுக்காக அழுதால் அது சோல். பாட்டின் பொருள் ரொம்ப எளிது. வேலை முடிய நேரமாகும், என் தட்டை மூடி வை, விளக்கை அணைக்காதே, எப்படியும் வந்துவிடுவேன். அவ்வளவுதான். ஆனால் பேஸ் இருக்கிறதே, மூன்று படி கீழே இறங்கி, ஒரு மூச்சு நின்று, இரண்டு படி மேலே ஏறும். களைத்துப்போன ஆள் வீட்டு மாடிப்படியில் ஏறுவது மாதிரியே இருக்கும்.

அக்கா நர்ஸ். மெல்போர்ன் வந்த புதிதில் இரண்டு வருடம் நைட் ஷிப்ட். காலையில் அறைக்குத் திரும்பினால் பச்சைத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. அந்த நாட்களில்தான் இந்தப் பாட்டை எனக்கு அனுப்பினாள். அப்புறம் நிரோஷன் பழக்கமானார். ஒரு நாள் அவள் ஷிப்ட் முடிந்து வந்தபோது அறை வாசலில், ஃபாயில் போட்டு மூடிய ஒரு தட்டோடு நின்றாராம். உள்ளே சூடான புட்டும் மீன் குழம்பும். "அவன் ஐ லவ் யூவே சொல்லலடா. தட்டத்தான் நீட்டினான்" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அந்தத் தட்டுக்காகத்தான் இந்தப் பாட்டு.

முதலில் சிட்னி. காரணம், பேஸ் கிடார். என்னுடையதை விமானத்தில் கொண்டுவரப் பயந்து, வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் காலேஜ் சீனியர் பிரவீனிடம் கடன் கேட்டிருந்தேன். இறங்கிய அன்றே மானம் போனது. வென்ட்வேர்த்வில் போக ரயில் ஏறினேன். நம்ம ஊர் பாசஞ்சர் மாதிரி எல்லா ஊரிலும் நிற்கும் என்று நினைத்து ஜன்னலோரம் சாய்ந்தேன். அது வென்ட்வேர்த்வில் பிளாட்ஃபாரத்தை முழு வேகத்தில் கடந்தது. பெயர்ப் பலகைக்கு நான் டாட்டா காட்டினேன். பிளாக்டவுனில் இறங்கித் திரும்பி வந்தபோது பிரவீன் ஸ்டேஷன் வாசலில் கை கட்டி நின்றான்.

"போர்ட்ல எந்தெந்த ஸ்டேஷன்ல நிக்கும்னு எழுதியிருக்குமேடா. படிக்க மாட்டியா?"

"இன்ஜினியரிங்ல நாலு வருஷம் படிச்சாச்சு. போதும்னு விட்டுட்டேன்."

ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு இலங்கைக் கடையில் மட்டன் கொத்து சொன்னோம். எங்கள் ஊர் கொத்துப் பரோட்டா வேறு, இது வேறு. சத்தம் மட்டும் ஒன்று. தகடு இரண்டும் கல்லில் விழும் தாளத்தில் நான் மேஜையில் பேஸ் வரியைத் தட்டினேன். அச்சு அசலாகப் பொருந்தியது. கல்லாவில் இருந்த அண்ணன், "தம்பி நல்லாத் தட்டுறீர், வேலைக்கு வாறீரோ?" என்றார்.

பிரவீன் சும்மா இருக்க மாட்டான், பாட்டின் வரலாற்றை ஆரம்பித்தான். நெட்டில் அதற்கு மூன்று கதை சுற்றுகிறது. ஒன்று: பாடியவர் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே கார் ஃபேக்டரிக்குப் போனவர், தட்டை மூடி வைத்தது அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா. இரண்டு: எழுதியது அவரே இல்லை, பின்னால் கோரஸ் பாடிய பெண், தன் புருஷன் தனக்குச் சொல்ல வேண்டியதை அவளே எழுதிக்கொண்டாள். மூன்று: அது சர்ச் பாட்டு, தட்டு என்றது சொர்க்கத்துப் பந்தியை.

"எது உண்மை?"

"எல்லாமே இருக்கலாம். இசைத்தட்டுல பின்பக்கத்துல சும்மா நிரப்பறதுக்குப் போட்ட பாட்டுடா இது. முன்பக்கத்துல இருந்த பாட்ட இன்னைக்கு எவனுக்காவது தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. பெருமையாக இருந்தது, ஏதோ நானே பின்பக்கம் மாதிரி.

மறுநாள் காலை பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு மெல்போர்ன் ரயில். பதினோரு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த புல், ஆடு, மறுபடி புல், மறுபடி ஆடு. திருச்சியிலிருந்து சென்னைக்குப் போனால் இதற்குள் ஐந்து ஊர்ச் சண்டையும் ஆறு வகை வடையும் பார்த்திருப்போம். இங்கே ஒரே ஒரு பஃபே பெட்டி. அதில் வாங்கிய, மீட் பை என்கிற கறி அப்பத்தை எப்படிப் பிடித்தாலும் குழம்பு சட்டையில்தான் இறங்கும் என்பதைச் சோதனை செய்து நிரூபித்தேன்.

எதிர் சீட்டில் வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் டிஷ்யூ நீட்டினார். முன்னாள் லாரி டிரைவராம். என் கிடார் உறையைப் பார்த்து என்ன வாசிக்கப் போகிறாய் என்று கேட்டார். பாட்டின் பெயரைச் சொன்னதும் தொடையில் தட்டினார்.

"அது எங்க பாட்டு. லாரிக்காரங்களப் பத்தின பாட்டு" என்றார் ஆங்கிலத்தில்.

ஃபேக்டரி, கோரஸ் பெண், சர்ச் என்று நான் மூன்று கதையையும் எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த மூணு பேரும் ராத்திரி முழுக்க ஹைவேல ஓட்டினவங்களா?" என்றார். அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது. தன் மனைவி தட்டை மூடி வைப்பதில்லை, நாய்க்குப் போட்டுவிடுவாள் என்றும் தகவல் தந்தார். யாரைக் கேட்டாலும் அந்தப் பாட்டை வீட்டுப் பத்திரம் மாதிரி தன் பெயரில் வைத்திருக்கிறார்கள்.

மெல்போர்னின் நோபல் பார்க் பகுதியில் நிரோஷன் வீடு. அவரை நான் "மாம்ஸ்" என்று கூப்பிட்டதும் ஒரு கணம் முழித்தார். அவர்கள் பக்கம் அக்கா புருஷன் அத்தான். "மாமா எண்டா எங்களுக்கு வேற ஆள். பரவாயில்லை, மாம்ஸ் எண்டே கூப்பிடும், இளமையா இருக்கு" என்றார்.

அவருடைய அம்மாவை நான் நேரில் பார்ப்பது அதுவே முதல் முறை. சின்ன உருவம், முழங்காலில் பட்டை, கையில் எப்போதும் ஒரு கரண்டி. ஆன்ட்டியை அவர்கள் சொல்கிறபடி நான் அன்ரி என்று கூப்பிட்டேன். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்து, "தம்பி சாப்பிட்டனீங்களோ?" என்றார். சாப்பிட்டேன் என்று சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. இடியப்பம், சொதி, சம்பல், மேலே இரண்டு முட்டை. இரண்டாவது நாளாக நான் ஆஸ்திரேலியாவில் இருந்தேன், முதல் நாளாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கராஜில் ரிகர்சல். காரை வெளியே விட்டுவிட்டு, வாஷிங் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே டிரம்ஸ். டிரம்ஸ் அடிப்பவர் நிரோஷனோடு வேலை செய்யும் பையன். பாடுபவர் டவீட்டா, சமோவாத் தீவுக்காரர், அவரும் அங்கேதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் பாடுகிற ஆள். வாயைத் திறந்தார், கராஜ் ஷட்டர் அதிர்ந்தது. நான் இதுவரை இந்தப் பாட்டை வாசித்ததெல்லாம் மிமிக்ரி என்று அந்த நிமிடம் புரிந்தது.

பாட்டை எப்படி முடிப்பது என்பதுதான் சிக்கல். ரெக்கார்டில் முடிவே கிடையாது. அந்தக் காலத்துப் பல பாட்டுகள் போல சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து கரைந்துவிடும். மேடையில் அப்படிக் கரைய முடியுமா? "எல்லாரும் மெதுவா வாசிச்சுக்கிட்டே போவோம்" என்றார் டிரம்ஸ்காரர். "கரண்ட் போன மாதிரி இருக்கும்" என்றேன் நான். சண்டை போட்டுக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். டிரம்ஸ்காரர் தாளத்தைக் கொஞ்சம் இழுத்து அடித்தார். என் பேஸ் மூன்று படி இறங்கியது.

அப்போது அன்ரி தட்டில் தேத்தண்ணியும் வடையும் எடுத்துக்கொண்டு கதவில் வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எப்படி அன்ரி நம்ம பாட்டு? அக்கா உள்ள வரும்போது இதுதான். நீங்க முன் வரிசைல ஆடணும், சொல்லிட்டேன்!"

அன்ரி தட்டை வாஷிங் மெஷின் மேல் வைத்தார். "இது ஏன் தம்பி கலியாணத்துக்கு?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். வடை சூடாக இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நிரோஷன் பின்னாலேயே போனார். திரும்பி வரக் கால் மணி நேரம் ஆனது.

"அம்மா ஹோலுக்கு வரேல்லையாம்."

"கோபமா மாம்ஸ்?"

"கோவமில்லை. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிக்க ஏலாதாம்." அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். "அப்பாவின்ர செத்த வீட்டில பாண்ட் கோஷ்டி இதைத்தான் வாசிச்சவங்களாம். எனக்குத் தெரியாது. நான் அப்ப இஞ்ச, விசா இல்லாமல் நிண்டனான், போக ஏலாமப் போச்சு. எனக்கு வந்த வீடியோவில சத்தமே இல்லை."

பன்னிரண்டு வருடமாக அந்த வீடியோவைச் சத்தமில்லாமலேயே பார்த்துவந்த மனிதர், அதே பாட்டைத் தன் ரிசப்ஷனுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறார். யாரைக் குற்றம் சொல்வது?

அக்கா ஷிப்ட் முடிந்து வந்ததும் பின்பக்கத் துணிக்கொடி அருகில் நிற்கவைத்துச் சொன்னேன். யூனிஃபார்மோடு நின்று கேட்டாள்.

"வேற பாட்டு வச்சிக்கலாம்."

"உனக்கு ஓகேவா?"

"ஓகே இல்லடா. அதுக்காக? அத்தை இல்லாம நான் அந்த ஹாலுக்குள்ள போகணுமா? இந்த ரிசப்ஷனே அவங்களுக்குத்தான்." கொடியிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். துணியே இல்லாத கொடி. "நீ போய் ஏதாவது பேசி வைக்காத. ஏற்கெனவே ஆடச் சொல்லியிருக்க."

ரிசப்ஷனுக்கு மூன்று நாள் இருந்தது. பாட்டு போனால் அக்காவுக்கு வருத்தம்; பாட்டு இருந்தால் அன்ரி வர மாட்டார். பெண் வீட்டுப் பிரதிநிதி வந்த மறுநாளே செய்த சாதனை இது.

அடுத்த நாள் கிரான்பர்னில் இருக்கும் ஹாலில் சத்தம் எப்படிக் கேட்கும் என்று பார்க்கப் பேஸோடு கிளம்பினேன். டாண்டினாங் ஸ்டேஷனோடு ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வேலை, மீதித் தூரத்துக்குப் பதில் பஸ். நம்ம ஊராக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரை நாலு பேர் சூழ்ந்திருப்பார்கள். இங்கே எல்லோரும் வாயைத் திறக்காமல் வரிசையில் நின்றார்கள். அந்த அமைதியே எனக்குப் பயமாக இருந்தது. பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் என் தோளில் இருந்த பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பின்பு தமிழில் கேட்டார்.

"கிற்றாரோ பேஸோ?"

"பேஸ் அங்கிள்."

"அப்ப முன்னுக்கு இரும். நான் ட்ரம்பெற்."

அவர் பெயர் ராசன். இருபது வருடத்துக்கு முன்பு சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாண்ட் கோஷ்டியில் ட்ரம்பெட் வாசித்தவர். நிரோஷன் பெயரைச் சொன்னதும், "எனக்கும் கார்ட் வந்தது. சனிக்கிழமை லீவு போட்டிட்டன்" என்றார். கிரான்பர்னில் அவருக்கு இருபது நிமிட இடைவேளை. பஸ்ஸின் படியில் உட்கார்ந்து டிஃபன் பாக்ஸைத் திறந்து, கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் ஒன்று எனக்குத் தந்தார். நான் பேஸை வெளியே எடுத்து, ஆம்ப் இல்லாமல், அந்த மூன்று படியை வாசித்தேன். ராசன் அங்கிள் ரோல்ஸைக் கீழே வைத்தார்.

"அட, 'நாலாம் நம்பர்'!"

"என்ன நம்பர்?"

"எங்கட லிஸ்டில நாலாம் நம்பர். பேர் ஆருக்குத் தெரியும்? ஆரோ கப்பலில வேலை செய்த ஆள் ஒரு கசெற் கொண்டு வந்தவர். அதில எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. மாஸ்டர் கேட்டுப்போட்டு ஆர்மோனியத்தில பிடிச்சு எங்களுக்குச் சொல்லித் தந்தவர். சொல்லு ஒண்டும் விளங்கேல்லை. மெட்டு மட்டும்."

"அதப் போய் எப்படி அங்கிள் சாவுக்கு வாசிச்சீங்க?"

"எங்களிட்ட மொத்தம் பத்துப் பாட்டுத்தான் இருந்தது தம்பி. ஊரில எல்லாத்துக்கும் அந்தப் பத்துத்தான். மெதுவா அடிச்சா செத்த வீடு. கெதியா அடிச்சா ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீற், பிள்ளையள் மார்ச் பாஸ்ட் போவினம். நாலாம் நம்பருக்கு அழுத சனமும் இருக்கு, கப் வாங்கின பள்ளிக்கூடமும் இருக்கு."

வாயில் ரோல்ஸோடு சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நிரோஷனின் அப்பாவுக்கு வாசித்தது அவருடைய கோஷ்டி இல்லையாம், அவர் அதற்கு முன்பே நாட்டை விட்டு வந்துவிட்டார். "ஆனா நாலாம் நம்பர் எல்லா கோஷ்டிக்கும் போட்டுது. எங்களிட்டக் களவெடுத்தவங்கள். நாங்கள் கசெற்றிட்டக் களவெடுத்தம்."

எழுந்து பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணும்போது கேட்டார்: "உண்மையா அது என்ன பாட்டு?"

சொன்னேன். தட்டு, மூடி, விளக்கு, வந்துவிடுவேன். அவர் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "சாப்பாட்டுப் பாட்டோ? கடவுளே. எத்தினை சுடலைக்கு அதை வாசிச்சுக்கொண்டு நடந்தனான்."

போய்ப் பேசாதே என்று அக்கா சொல்லியிருந்தாள். நான் அக்கா சொல்வதைக் கேட்டிருந்தால் இன்ஜினியரிங்கே படித்திருக்க மாட்டேன். மறுநாள் காலை, அக்காவும் மாம்ஸும் வேலைக்குப் போனபின், அவர்கள் குசினி என்று சொல்லும் அடுக்களைக்குள் போனேன். அன்ரி புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, சாரி. ஆடச் சொன்னதுக்கு."

"அதுக்கென்ன தம்பி. உங்களுக்குத் தெரியாதெல்லோ. அந்தக் கதிரையில இருங்கோ."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். தேங்காய்ப்பூவை என் பக்கம் தள்ளி, குழலில் மாவும் பூவும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். போட்டேன். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"எங்கட பக்கம் பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை. வாசல் படலை மட்டுந்தான். அவரைக் கொண்டு போகேக்க நான் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எங்கட ஒழுங்கை நீளமான தெரு. முதல் அவரைத் தெரியாமப் போச்சு, பிறகு சனத்தைத் தெரியாமப் போச்சு. அந்தப் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. குறைஞ்சு குறைஞ்சு போச்சு. எங்க முடிஞ்சது எண்டு எனக்குத் தெரியாது. இப்பவும் சிலநேரம் பாத்திரம் கழுவேக்க காதுக்குள்ள தொடங்கும். முடியாது."

  எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"அன்ரி, அது சாவுப் பாட்டே இல்ல. பாண்ட்காரங்க வார்த்தை தெரியாம வாசிச்சிருக்காங்க." வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வேலை முடிய நேரமாகும். என் தட்டை மூடி வை. விளக்கை அணைக்காதே. எந்நேரம் ஆனாலும் வீட்டுக்கு வருவேன். "அக்கா நைட் ஷிப்ட் பார்த்தப்போ மாம்ஸ் ஒரு தட்டுல ஃபாயில் போட்டு எடுத்துட்டுப் போய்க் கொடுத்தாராம். புட்டு. அதனாலதான் அவளுக்கு இந்தப் பாட்டு."

அன்ரியின் கை நின்றது.

"நிரோஷனோ? புட்டோ?"

"ஆமா அன்ரி."

"அவனுக்கு முட்டை பொரிக்கத் தெரியாது!" சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது நான் அவிச்ச புட்டு. நான் மூடி வச்ச தட்டு. ஆருக்கோ ஃபிரெண்டுக்கு எண்டு சொல்லிக் கொண்டு போனவன், கள்ளன்! மீன் குழம்பும் இருந்ததோ?"

"இருந்துச்சாம்."

"அப்ப அந்தத் தட்டும் என்ர." கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவைப் பார்த்தார். "நிரோஷன்ர அப்பா பஸ் ஓட்டினவர். எந்நேரம் வருவார் எண்டு தெரியாது. ஒவ்வொரு நாளும் மூடித்தான் வச்சனான்."

புட்டுக்குழலிலிருந்து ஆவி வந்தது. பாட்டைப் போடச் சொன்னார். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துப் போட்டேன். முதல் வரிக்கு நெற்றி சுருங்கியது. அப்புறம் தலை கொஞ்சம் ஆடியது, ஸ்பீடு வித்தியாசமாக இருக்கிறதே என்பது போல. முழுப் பாட்டும் நின்றுகொண்டே கேட்டார். கடைசியில் வழக்கம்போல அது மெல்ல மெல்லக் குறைந்து, குறைந்து, இல்லாமல் போனது.

அன்ரி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுவும் முடியேல்லையே தம்பி."

எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன் அதை. அது ஸ்டைல், டெக்னிக், ஃபேட் அவுட் என்று நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். குசினியில் அந்த நொடியில், அது முடியவில்லை, அவ்வளவுதான்.

குழலைக் கம்பியால் குத்தி ஒரு புட்டைத் தட்டில் தள்ளினார். "நான் வாறன். உள்ளுக்கு வரேக்க அதை வாசிக்க வேண்டாம், மேளம் போடுங்கோ. சாப்பாட்டு நேரம் வாசியுங்கோ. ஆனா முடிச்சு விடுங்கோ. இடையில விட்டிட்டுப் போகக் கூடாது."

அக்காவிடம் சொன்னபோது முதலில் திட்டினாள், அப்புறம் அழுதாள், அப்புறம் "ரெண்டு வருஷமா புட்டு விஷயத்துல ஏமாந்திருக்கேன்" என்று நிரோஷனைத் தேடிப் போனாள். அவர் ஏற்கெனவே கராஜில் ஒளிந்திருந்தார்.

சனிக்கிழமை கிரான்பர்ன் ஹால். ரெக்கார்ட் நாதஸ்வரத்தோடு ஜோடி நுழைந்தது. முன் வரிசையில் அன்ரி, கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையில். திருச்சியில் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க ஓடுவார்கள். இங்கே மேஜை மேஜையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அப்போதும் ஓடினார்கள். தட்டுச் சத்தம் ஏறியதும் நாங்கள் மேடை ஏறினோம்.

டிரம்ஸ்காரர் எண்ண ஆரம்பிக்கும் முன்பே மூன்றாம் மேஜையிலிருந்து ராசன் அங்கிள் குரல்: "தம்பி! செத்த வீடுமில்லை, ஸ்போர்ட்ஸ் மீற்றுமில்லை! நடுவில பிடியும்!"

நடுவில் பிடித்தோம். ஒரிஜினலின் வேகமே அதுதான். டவீட்டா பாடினார். யாருக்கும் வார்த்தை முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துக்காரர்கள் பலர் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். சிலர் முகம் இறுகியது. ஒரு அங்கிளின் கால் மார்ச் பாஸ்ட் போட்டது. அக்கா சாப்பிடாமல் அன்ரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்ரி தட்டில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

கடைசி வரி வந்தது. ரெக்கார்ட் கரைய ஆரம்பிக்கும் இடம். நாங்கள் கரையவில்லை. டவீட்டா 'வருவேன்' என்பதை இழுத்தார், கீழே போகாமல் நேராக வைத்திருந்தார். நான் மூன்று படி இறங்கி, மூச்சு விட்டு, இரண்டு படி ஏறி, வீட்டுச் சுருதியில் காலை ஊன்றினேன். டிரம்ஸ் ஒரே அடி. நிறுத்தம்.

 அன்ரி என்னைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினார். சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். பக்கத்தில் அக்காவும் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

அப்புறம் ரசிகர்கள் கேட்டார்கள் என்று இன்னும் ஏழு பாட்டு. இறங்கி வந்து பஃபேவைப் பார்த்தால் நியதி மாறவில்லை. பிரியாணி அண்டாவில் ஏலக்காய் இரண்டு. மட்டன் பாத்திரத்தில் எண்ணெய். பாயசமும் வெள்ளரிக்காயும் தாராளமாக இருந்தன.

"இஞ்ச வாங்கோ."

ஹாலின் குசினிக் கதவில் அன்ரி நின்றார். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் நான்கு தட்டு, நான்கிலும் ஃபாயில். மேலே பேனாவால் எழுதியிருந்தார்: டிரம்ஸ், பாட்டு, பஸ், தம்பி. 'பஸ்' ராசன் அங்கிளுக்கு. அவர் ஏற்கெனவே ஒரு தடவை சாப்பிட்டிருந்தார் என்பது வேறு விஷயம். என் ஃபாயிலைத் திறந்தேன். ஆவி என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.

நின்றபடியே ஒரு மட்டன் துண்டை எடுக்கப் போனேன். அன்ரி கையைத் தட்டிவிட்டு, காலால் ஒரு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பாட்டு முடிஞ்சிட்டுதெல்லோ. இனி இருந்து சாப்பிடுங்கோ."